பதிமூன்று வருடம் கடித்த பல்

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, பிஸ்கட் கம்பெனியின் கடிமேஜையில் உட்கார்ந்து, அன்றைய முதல் தட்டின் முதல் பிஸ்கட்டைக் கடித்தாள் கடியக்கா. கடித்ததும் வழக்கம்போல் கண்ணை மூடினாள். ஆனால் வழக்கம்போல் உடனே திறக்கவில்லை.

எதிரே அடுப்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்து அவள் கண்ணை மூடினால் மூன்று விநாடி. இன்றைக்கு அவர் மனசுக்குள் பதினெட்டு வரை எண்ணிவிட்டார்.

"என்னம்மா, தூங்கிட்டியா?"

"திரும்பட்டும்" என்றாள்.

கடிமேஜையில் இரண்டே சொல்தான் உண்டு. "போகட்டும்" என்றால் சரக்கு லாரி ஏறும். "திரும்பட்டும்" என்றால் அத்தனையும் தூளாகி மாட்டுத் தீவனத்துக்குப் போகும். அதற்கு மேல் முதலாளியே வந்து நின்றாலும் அப்பீல் கிடையாது.

"திரும்பட்டுமா? நல்லாப் பாரும்மா! தங்கமாட்டம் வந்திருக்கு!"

"தங்கத்தைக் கடிக்க முடியுமாண்ணே? திரும்பட்டும்னா திரும்பட்டும்."

உண்மையில் அவள் சொல்ல வந்தது "ஐயோ" என்பது. பதிமூன்று வருடப் பழக்கத்தில் வாய் "திரும்பட்டும்" என்று சொல்லிவிட்டது. வலது பக்கம், கீழ் வரிசையில், கடைசிக்கும் கடைசியாக இருந்த ஞானப்பல்லைச் சுற்றி ஈறு வீங்கி, உள்ளே யாரோ திருகாணியை முறுக்குவதுபோல் இருந்தது.

வேறொருத்திக்கு வந்திருந்தால் அது வெறும் பல்வலி. இவளுக்கு அது உத்தியோகம்.

பதிமூன்று வருடத்துக்கு முன்னால் அவள் அதே கம்பெனியில் டப்பா ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஞானப்பல் ஈற்றைக் கீறிக்கொண்டு எட்டிப்பார்த்தது. அதே நாள், அவள் சும்மா எடுத்துக் கடித்த ஒரு பிஸ்கட்டைத் துப்பிவிட்டு, "இதுல சோடா ஒரு கரண்டி கூட" என்றாள். சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கரண்டிதான் கூட. மறுநாளே அவளைக் கடிமேஜையில் உட்கார்த்தினார்கள். பல் வந்ததும் வாழ்வு வந்ததும் ஒரே நாள் என்பதால், வித்தை பல்லில்தான் இருக்கிறது என்று முதலாளி நம்பினார். முதலாளி நம்பினால் கம்பெனி நம்ப வேண்டியதுதானே? கம்பெனியின் சொத்துப் பட்டியலில் 'அடுப்பு ஆறு, லாரி நான்கு, பல் ஒன்று' என்று இருப்பதாகப் பேச்சு. பட்டியலைப் பார்த்தவர் எவருமில்லை, நம்பாதவரும் எவருமில்லை. பல்லுக்குச் சொந்தக்காரியும் நம்பினாள்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து வந்த முதல் பிள்ளை.

இன்னொரு பக்கம், அதே திங்கட்கிழமைதான் கம்பெனிக்குள் மெஷின் வந்தது.

மேனேஜர் அதைத் தள்ளுவண்டியில் வைத்து, மாப்பிள்ளையை அழைத்து வருகிற மாதிரி அழைத்துவந்தார். இரும்பில் இரண்டு தாடை. மேலே பச்சை விளக்கு ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று. கூடவே மூக்குக்கண்ணாடி போட்ட மெஷின்காரர்.

"பயப்படாதீங்க, கடியக்கா" என்றார் மேனேஜர், அவள் பயப்பட வேண்டும் என்கிற குரலில். "உங்களுக்கு ஒரு துணைதான். நாளைக்குக் குழந்தை பிறந்தா நீங்க வீட்டுல இருப்பீங்க. மெஷின் எப்பவும் இங்கயே இருக்கும். அதுக்கு மசக்கை கிடையாது."

"பல் இருக்கா?"

"எட்டு. எல்லாம் எஃகு."

மெஷின்காரர் பணிவாக விளக்கினார். "இது இப்ப ஒண்ணும் தெரியாத குழந்தை மேடம். இந்த வாரம் முழுக்க நீங்க கடிங்க. அதே தட்டுல இதுவும் கடிக்கும். நீங்க 'போகட்டும்'னா பச்சைன்னு கத்துக்கும். 'திரும்பட்டும்'னா சிவப்பு. அஞ்சே நாள். அப்புறம் உங்க நாக்கு, உங்க பல்லு எல்லாம் இதுக்குள்ள."

"அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி முன்னாடி போட்டி" என்றார் மேனேஜர். "மூணு தட்டு. யார் சரியாச் சொல்றாங்களோ அவங்களுக்குக் கடிமேஜை."

கடியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் கடிக்க முடியாததுதானே அவள் வியாதி.

அன்று மாலை லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு டூல்ஸ் பையைக் கீழே போட்டான். "என்ன, ஒரு பக்கம் மட்டும் சதை போட்டிருக்க?"

"ஞானப்பல். ஈறு வீங்கிருச்சு. டாக்டர்கிட்டப் போகலாமா?"

"மாசமா இருக்கிறப்பவா? பல் பக்கமே போகக்கூடாது. ஊசி கூடாது, மாத்திரை கூடாது, படம் எடுக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"லிஃப்ட்ல பேசிக்கிட்டாங்க."

அவனுடைய அறிவு எல்லாம் லிஃப்டில் கேட்டதுதான். மூன்றாம் மாடியில் ஏறியவர் தொடங்கி, ஏழாம் மாடியில் இறங்கியவர் பாதியில் விட்டது. மீதியை அவனே போட்டுக்கொள்வான். அதே லிஃப்டில் கிராம்பைப் பற்றியும் கேட்டிருந்தான். ஒரு பிடி கிராம்பை அவள் கன்னத்துக்குள் அடக்கிவிட்டுத்தான் தூங்கப் போனான்.

செவ்வாய்க்கிழமை வலி கொஞ்சம் மரத்திருந்தது. நாக்கும் கூடவே மரத்திருந்தது. முதல் தட்டைக் கடித்தாள். கிராம்பு வாசனை. இரண்டாவது தட்டு, கிராம்பு. மூன்றாவதும் கிராம்பு.

"மாவுல எவனோ கிராம்பைக் கொட்டியிருக்கான். எல்லாம் திரும்பட்டும்!"

கம்பெனியே ஆடிப்போனது. மாவு பிசைகிற ஆறு அண்டாக்களையும் வெந்நீர் விட்டுக் கழுவினார்கள். கிராம்பு கொட்டிய குற்றவாளியைத் தேடி மேனேஜர் ஒவ்வொருத்தர் கையாக முகர்ந்துகொண்டே வந்தார். கடியக்கா பக்கம் வந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"இங்கதான் ரொம்ப அடிக்குது."

"அவ்வளவு பிஸ்கட்டைக் கடிச்சிருக்கேனே சார், அடிக்காதா?"

மெஷின் சமர்த்தாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

புதன்கிழமை கிராம்பைத் துப்பிவிட்டு, இடது பக்கத்துக்கு மாறினாள். ஆனால் கடிப்பது இடதில் என்றாலும் மனசு முழுக்க வலதில்தானே குடியிருக்கிறது! இடப்பக்கம் கடித்தால் வலப்பக்கம் "நானும் இருக்கேன்" என்று குதித்தது. கருகல் தட்டு ஒன்றுக்கு "போகட்டும்" என்றாள். அடுப்புக்காரர் நல்லவேளையாக அதை லாரி ஏற்றாமல் ஒளித்துவைத்தார்.

"என்னம்மா இது? இதை வெச்சு சுவரே கட்டலாம். போகட்டும்ங்கறே?"

"சோதிச்சுப் பார்த்தேன்ணே, நீங்க முழிச்சிருக்கீங்களான்னு."

"முழிச்சுதான் இருக்கேன். நீதான் மூணு நாளா வாயைத் திறந்து சிரிக்கல."

மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் பல் டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா கண்ணாடிக் கரண்டியை உள்ளே விட்டு, விளக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தார்.

"பல்லு பாதிதான் வெளிய இருக்கு. மீதிக்கு ஈறு போர்வை போத்தியிருக்கு. போர்வைக்குள்ள தீனி மாட்டி, சீழ் வெச்சிருச்சு. என்ன வேலை பாக்கறீங்க?"

"பிஸ்கட் கம்பெனி."

"அதான். இங்க ஒரு டப்பா பிஸ்கட் இருக்கு."

உப்பு நீர் பீய்ச்சிக் கழுவினார். பக்கத்தில் கருவி கழுவுகிற பெண் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, வந்த தூளைப் பார்த்து வாயைப் பொத்தினாள்.

"கர்ப்பத்துல ஈறு இப்படித்தான் சட்டுன்னு வீங்கும்" என்றார் டாக்டரம்மா. "கர்ப்பிணி சாப்பிடக்கூடிய மாத்திரையாத்தான் எழுதறேன். ஆனா இந்தப் பல்லை எடுத்துடணும். நடு மாசம்தான் அதுக்குத் தோதான காலம். கடைசி மாசம் வரைக்கும் இழுத்தா உங்களுக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் நல்லதில்ல."

"எடுக்கறதா? டாக்டர், இதாலதான் நான் பதிமூணு வருஷமா கடிக்கறேன்!"

"எதால?"

"இந்தப் பல்லாலதான்!"

டாக்டரம்மா கண்ணாடிக் கரண்டியை மறுபடி உள்ளே விட்டார். கீழே பார்த்தார். மேலே பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். கருவி கழுவுகிற பெண்ணும் எட்டிப் பார்த்தாள். டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர்! பல் போனா சொல் போச்சு. என் சொல்லு ரெண்டே ரெண்டுதான். அதுவும் போச்சுன்னா நான் டப்பா ஒட்டத்தான் போகணும்!"

என்றவள் மாத்திரைச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள். கிளினிக்கில் கழுத்தில் கட்டிவிட்ட நீலத் துணியோடு பஸ் ஏறி, அதே கோலத்தில் வீடு வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் ஒருத்தர் அவளைக் குழந்தை என்று நினைத்து இடம் கொடுத்தாரா, கர்ப்பிணி என்று கொடுத்தாரா என்பது இன்றுவரை தெரியவில்லை.

மாத்திரையையாவது ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பாள். புருஷன் அதைப் பிடுங்கி அலமாரி உச்சியில் வைத்துவிட்டான்.

"அவங்க வாய்க்கு டாக்டர். வயித்துக்கு யார் ஜவாப்தாரி?"

"கர்ப்பிணிக்குன்னு பாத்துதான் எழுதினாங்க!"

"லிஃப்ட்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

வியாழனும் வெள்ளியும் அவள் வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. மொறுமொறுவென்று எது வந்தாலும் "திரும்பட்டும்". நமுத்தது, பதம் விட்டது, குழைந்தது, எது வலிக்காமல் உள்ளே போனதோ அதற்கெல்லாம் "போகட்டும்". அடுப்புக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மெஷின்காரரோ பூரித்துப்போனார்.

"அற்புதம் மேடம்! திங்கள் செவ்வாயில குழம்பிப்போச்சு. இப்பத்தான் உங்க மனசு அதுக்குப் பிடிபட்டிருக்கு. இன்னிக்கு நூத்துக்கு நூறு நீங்களும் அதுவும் ஒண்ணு!"

சனிக்கிழமை காய்ச்சல் வந்தது. கன்னம் பன் மாதிரி உப்பியது. புருஷன் பதறிப்போய் அவளைப் பிரசவ டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். பிரசவ டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாத்திரை எங்க?"

"அலமாரி மேல இருக்கு டாக்டர். பத்திரமா."

"மாத்திரை பத்திரமா இருக்கு. பொண்டாட்டி காய்ச்சல்ல கிடக்கா. லிஃப்ட் பாதியில நின்னா, உள்ள இருக்கிறவங்க பேச்சைக் கேட்டா ரிப்பேர் பண்ணுவீங்க?"

"இல்ல டாக்டர்."

"அப்புறம் ஏன் அவங்க பேச்சைக் கேட்டு வைத்தியம் பண்றீங்க? பல்லை எடுத்தா ஆபத்தில்ல. சீழை வெச்சுக்கிட்டு இருக்கிறதுதான் ஆபத்து. இப்பவே போங்க."

கடியக்கா வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது ஒரு உதை விட்டது. பல்லா, பிள்ளையா? பதிமூன்று வருடம் யோசிக்காமல் தீர்ப்புச் சொன்னவள் இதற்கும் மூன்று விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை.

"போகட்டும்" என்றாள்.

பல் டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து, இடது பக்கம் சற்றுச் சாய்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். வலியே இல்லை. அழுகை மட்டும் வந்தது. புருஷன் வெளியில் உட்கார்ந்து, மாத்திரை அட்டையில் இருந்த ஒவ்வொரு மாத்திரையிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நடுவில் ஐந்து நாள். மசக்கை என்று லீவு சொன்னாள். ஆறாம் மாதத்தில் என்ன மசக்கை என்று கேட்கிற தைரியம் மேனேஜருக்கு இல்லை. வீக்கம் வடிந்தது. காய்ச்சல் போனது. கஞ்சி, கூழ், கெட்டியில்லாத எல்லாவற்றையும் புருஷனே ஆற்றிக் கொடுத்தான். ஆனால் பல் இருந்த இடத்தை நாக்கால் தடவும்போதெல்லாம், காலியான நாற்காலியைத் தடவுகிற மாதிரியே இருந்தது.

"நாளைக்குப் போட்டிக்குப் போகாம விட்டுடட்டுமா?" என்றாள் வியாழக்கிழமை.

"போய்த் தோத்துட்டு வா. நான் வாசல்ல நிக்கறேன். வீட்டுல உக்காந்து தோக்காத."

இது லிஃப்டில் கேட்டதில்லை. அதனால்தான் நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. கடிமேஜைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். முதலாளி நடுவில். ஒரு பக்கம் கடியக்கா, மறுபக்கம் மெஷின். சுற்றிலும் மாவு பிசைகிறவர்கள், டப்பா ஒட்டுகிறவர்கள், லாரி டிரைவர்கள். அடுப்புக்காரர் மூன்று தட்டு கொண்டுவந்து வைத்தார். எது எப்படிப்பட்டது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சீட்டில் எழுதி முதலாளியிடம் மூடிக் கொடுத்திருந்தார்.

"முதல்ல மெஷின்" என்றார் மேனேஜர்.

முதல் தட்டு. இரும்புத் தாடை 'கடக்' என்று கடித்தது. சிவப்பு. இரண்டாவது தட்டு. இன்னும் பலமாக ஒரு 'கடக்'. விளக்கு மட்டும் இல்லை, மெஷினே நடுங்கியது. சிவப்பு. மூன்றாவது தட்டில் சத்தமே வரவில்லை. பச்சை.

"இப்ப நீங்க" என்றார் முதலாளி.

வலப்பக்கம் கடிக்கக் கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. முதல் பிஸ்கட்டை எடுத்து இடது பக்கம் வைத்தாள். நூறு கண்கள் அதைப் பார்த்தன.

"என்னம்மா, இடப்பக்கம்?" அடுப்புக்காரருக்குத் தாங்கவில்லை. "உன் பல்லு அந்தப் பக்கமாச்சே?"

அந்தப் பல்தான் போய்விட்டதே. ஆனால் வாய் பழைய வாய்.

"ஒரு இரும்பை ஜெயிக்க அந்தப் பல்லு எதுக்குண்ணே? அதுக்கு இந்தப் பக்கமே ஜாஸ்தி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் கடித்தாள். கண்ணை மூடினாள். வலி இல்லாத வாய்க்குள் சத்தம் சுத்தமாகக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

"போகட்டும். பழுதே இல்ல."

இரண்டாவது. "திரும்பட்டும். ரெண்டாம் அடுப்பு. நாலு நிமிஷம் அதிகம் வெந்திருக்கு. அண்ணே, டீ குடிக்கப் போயிட்டீங்க."

அடுப்புக்காரர் தலையைச் சொறிந்தார்.

மூன்றாவதை வாயில் வைத்தாள். முழுவதும் கடிக்கக்கூட இல்லை. "திரும்பட்டும். இது நல்ல பிஸ்கட்டுதான். மூடாம ஜன்னலோரம் வெச்சிருந்தீங்க. ஒரு ராத்திரி இல்ல, ரெண்டு."

முதலாளி சீட்டைப் பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார். "ஜன்னலோரம்னு இதுல இல்லையே?"

"நான் எழுதல முதலாளி" என்றார் அடுப்புக்காரர். "ஆனா ஜன்னலோரம்தான் வெச்சேன். ரெண்டு ராத்திரி."

கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டினார்கள். மெஷின்காரர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே, மேஜை துடைக்கிற ஈரப் பஞ்சை மறதியாக மெஷினின் தாடைக்குள் வைத்தார். மெஷின் அதை ஆசையாகக் கடித்தது. பச்சை விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அணைக்கவே முடியவில்லை.

"என்னய்யா இது?" என்றார் முதலாளி.

"தெரியல சார். அவங்க கத்துக்கொடுத்ததைத்தான் செய்யுது..."

"வாத்தியாருக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரே வாரத்துல வந்துருமா?" என்றாள் கடியக்கா, முகத்தில் துளி சிரிப்பும் காட்டாமல். உலகத்திலேயே பல்வலி வந்த ஒரே மெஷின் அதுதான் என்பதை அவள் வெளியில் சொல்லவில்லை.

மேனேஜர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அழைத்துவந்த அதே வழியில் தானே தள்ளிக்கொண்டு போனார். முதலாளி எழுந்து நின்றார்.

"பிரசவத்துக்கு ஆறு மாசம் லீவு. சம்பளத்தோட. நீ வர்ற வரைக்கும் அடுப்புக்காரர் பாத்துக்குவார். சந்தேகம்னா பிஸ்கட்டை உன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். அப்புறம் இன்னொண்ணு. இனிமே ஒவ்வொரு பாக்கெட்டுலயும் உன் ஞானப்பல் படம். 'ஞானப்பல் முத்திரை'. திங்கட்கிழமை போட்டோ எடுக்க ஆள் வருவான்."

வாசலில் நின்ற புருஷன் அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினான். அவளும் தூக்கினாள். அவனுக்குத் தெரியாமல் அவள் வயிற்றுக்குள் இன்னொரு ஜோடிக் காலும் தூக்கியது.

ஆனால் போகிற வழியில் அவள் முகம் சுண்டிப்போனது. பல் இல்லாமல் ஜெயித்தது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம். இன்றைக்கு இடது பக்கம் காப்பாற்றிவிட்டது. நாளைக்கு? போட்டோக்காரனுக்கு எதைத் திறந்து காட்டுவது? நேராகப் பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனாள்.

டாக்டரம்மா உள்ளே வேறொருத்தர் வாயில் மும்முரமாக இருந்தார். கருவி கழுவுகிற பெண்தான் வெளியே வந்தாள்.

"வாங்கக்கா. தையல் பிரிக்க நாளைக்குத்தானே?"

"அதில்லம்மா." கடியக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என் பல்லு இருக்கா? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"நீங்க அழுத அழுகைக்குத் தூக்கிப் போடுவோமா? கழுவி சீசாவுல வெச்சிருக்கேன்."

"நீ நல்லா இருப்பே. அதைத் திரும்ப அதே இடத்துல நட்டு வைக்க முடியுமான்னு டாக்டரைக் கேளேன். பழையபடி கடிக்க வேண்டாம், பாதி கடிச்சாக்கூடப் போதும். என் பிழைப்பே அந்தப் பல்லுதாம்மா. பதிமூணு வருஷமா லட்சக்கணக்கான பிஸ்கட்டை அது கடிச்சிருக்கு!"

அந்தப் பெண் உள்ளே போய் சீசாவைக் கொண்டுவந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒருமுறை ஆட்டினாள். பல் கண்ணாடியில் 'டிங்' என்று தட்டியது.

"உங்க மனசு கஷ்டப்படும்னு டாக்டரம்மா அன்னிக்கே சொல்லாம விட்டுட்டாங்கக்கா. இதுக்கு நேர் மேல உங்களுக்குப் பல்லே முளைக்கல. எதுத்தாப்ல ஆளே இல்லாம ஈறுக்குள்ள படுத்துத் தூங்கின இந்தப் பல்லு, பொறந்ததுலேருந்து ஒரு பிஸ்கட்டைக்கூடக் கடிச்சதில்ல!"